வார்ப்பு என்றால் போலியா?
தென் தமிழகத்தில் கிடைக்கும் பிரிட்டிஷ் படைச் சின்னங்களை மதிப்பிடுதல்

1. கேள்வி

தென் மாவட்டச் சிற்றூர்களில் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று சொல்லி வழிகாட்டும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அத்தகைய வீடுகளின் டிரங்குப் பெட்டிகளிலிருந்து பித்தளைச் சின்னங்கள் வெளியே வருவது பெரும்பாலும் வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோதான். அங்கிருந்து காயலான் கடைக்குப் போய் எடைக்கு விலையாகிவிடுகின்றன. தப்பிய சில, சேகரிப்பாளர் கையை அடைகின்றன. அடைந்ததும் எழும் கேள்வி, ‘இது அசலா?’ என்பது.

அதற்குச் சேகரிப்பாளர்கள் கையாளும் விதி எளிமையானது. அச்சில் அடித்தது அசல், உருக்கி வார்த்தது போலி. இந்த விதி இங்கிலாந்துச் சேகரிப்பு மரபிலிருந்து வந்தது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் கிடைக்கும் பொருளுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. விதியை அப்படியே ஏற்றுக்கொண்டால், நம் மண்ணில் செய்து நம் ஆட்கள் உண்மையாகவே அணிந்த சின்னங்களை நாமே தூக்கி எறிந்துவிடுவோம் என்பது என் நிலைப்பாடு.

2. நூல்கள் சொல்வது, சொல்லாதது

பிரிட்டிஷ் படையின் தலையணிச் சின்னங்களுக்கு ஆர்தர் கிப்ளிங், ஹியூ கிங் இருவரும் தொகுத்த இரண்டு பாகங்களே உலகெங்கும் ஆதார நூல். முதல் பாகம் 1973இல் வந்தது. சேகரிப்பாளர்கள் ஒரு சின்னத்தைக் குறிப்பிடுவதே அதில் உள்ள எண்ணைக் கொண்டுதான். மதராஸ் படையின் வரலாற்றுக்கு டபிள்யூ. ஜே. வில்சன் எழுதி, 1882 முதல் 1889 வரை சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் உள்ளன. மதராஸ் ரெஜிமெண்டின் இருநூறு ஆண்டுகளைப் பற்றி பித்தியன்-ஆடம்ஸ் எழுதிய நூலும் உண்டு.

முதல் நூல் பர்மிங்காம், லண்டன் பட்டறைகள் செய்த பிரிட்டிஷ் சின்னங்களின் உலகத்தைச் சேர்ந்தது. மற்றவை போர்களையும் படைப்பிரிவுகளின் வம்சாவளியையும் சொல்பவை. ஒரு சின்னம் இந்தியாவில் எப்படி, யார் கையால் செய்யப்பட்டது என்ற கேள்வி இவற்றின் மையத்தில் இல்லை. நம் சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

3. அது படைச் சின்னம்தானா?

அசலா போலியா என்று பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பழைய பித்தளை வில்லைகளில் பல, படையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை. கலெக்டர் அலுவலக டபேதாரின் டவாலி வில்லை, நீதிமன்ற அமீனாவின் வில்லை, ஜமீன் சேவகர் அணிந்தது, போலீஸ் சின்னம், ரயில்வே போர்ட்டரின் எண் வில்லை எல்லாம் ஒரே மாதிரி களிம்பேறிக் கிடக்கும். சாரணர் இயக்கத்தின் மூவிதழ் மலரைப் பார்த்து, அதே மலரை 1923க்குப் பின் அணிந்த மான்செஸ்டர் ரெஜிமெண்டின் சின்னம் என்று விற்பவரும் உண்டு, வாங்குபவரும் உண்டு.

நம் வட்டாரத்தில் அதிகம் குழப்பக்கூடியது எஸ்.ஐ.ஆர். என்ற மூன்று எழுத்து. தென்னிந்திய ரயில்வேயின் சாதாரண ஊழியர் சின்னத்திலும் அவ்வெழுத்துகள் இருக்கும். அதே ரயில்வே திருச்சியை மையமாகக் கொண்டு வைத்திருந்த தொண்டர் துப்பாக்கிப் படையின் சின்னத்திலும் இருக்கும். எழுத்துகளை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. படையைக் குறிக்கும் சொல்லோ உருவமோ உடன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதை ரயில்வே ஊழியர் சின்னமாகக் கொள்வதே நேர்மை. அதுவும் சேகரிக்கத் தகுந்த பொருள்தான்.

4. காலத்தை நிறுவுதல்

காலக் கணக்கில் மிக உறுதியான கருவி எண்கள். 1895இல் மாகாணப் படைகள் ஒரே இந்தியப் படையாக இணைந்தன. 1903இல், தலைமைத் தளபதி கிச்சனர் காலச் சீரமைப்பின்போது மதராஸ் காலாட்படைப் பிரிவுகளின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். 3ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 63 ஆனது. 13ஆம் மதராஸ் காலாட்படை 73ஆம் கர்நாடிக் ஆனது. 23ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படை 83 ஆனது. 1922 சீரமைப்பில் இந்த எண்களும் போய், எஞ்சிய பிரிவுகளில் சில 3ஆம் மதராஸ் ரெஜிமெண்டுக்குள் அடங்கின. அந்த ரெஜிமெண்டும் சிக்கனத்தின் பெயரால் 1928க்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின் தேவையால் மீண்டும் உருவானது. ஆக, ‘73 கர்நாடிக்’ என்ற தோள்பட்டை எழுத்து கிடைத்தால் அது 1903க்கும் 1922க்கும் இடைப்பட்டது. வேறு காலத்துக்கு அதைத் தள்ள வழியில்லை. இந்தியச் சிப்பாய்களில் பலர் தலைப்பாகை கட்டியவர்கள் என்பதால், தொப்பிச் சின்னங்களைவிட இத்தகைய தோள்பட்டை எழுத்துகளையே நம் பக்கத்தில் முதலில் தேட வேண்டும்.

அடுத்த கருவி மகுடம். விக்டோரியா காலத்து மகுடம் 1901 வரை. அதன் பிறகு, வளைவுகள் உயர்ந்து கூடி நிற்கும் ட்யூடர் மகுடம் 1952 வரை. இரண்டாம் எலிசபெத் காலத்தில் உச்சியில் குழிந்த புனித எட்வர்ட் மகுடம். 2022இல் மன்னர் சார்லஸ் மீண்டும் ட்யூடர் மகுடத்தைத் தேர்ந்துகொண்டதால், இப்போது புதிதாக அடிக்கப்படும் சின்னங்கள் மேலோட்டமான பார்வைக்கு நூறாண்டுப் பழமையானவை போலத் தோன்றும். இனி மகுடத்தை மட்டும் வைத்து யாரும் காலம் சொல்ல முடியாது.

இந்தியப் படைச் சின்னங்களுக்கு மட்டும் மகுடம் பொய்க்காத ஒரு சோதனையைத் தருகிறது. இந்தியா 1950 ஜனவரி 26 அன்று குடியரசானது. மகுடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. எலிசபெத்தின் மகுடம் படைச் சின்னங்களில் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எனவே ஒரு மதராஸ் படைப்பிரிவின் பெயருக்கு மேல் புனித எட்வர்ட் மகுடம் இருந்தால், அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும், எவ்வளவு களிம்பேறியிருந்தாலும் பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்தது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

நம் பகுதியின் உணர்வைக் குறிவைக்கும் விற்பனைக் கதை ஒன்று உண்டு. கட்டபொம்மனை எதிர்த்த வெள்ளைச் சிப்பாயின் தொப்பிச் சின்னம் என்பார்கள். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. சாதாரண சிப்பாய்களுக்குத் தொப்பியில் செருகும் இன்றைய வடிவச் சின்னங்கள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பரவலானது அதன் கடைசிச் சில ஆண்டுகளில். பாளையக்காரர் போர்க்காலத்து உலோகச் சான்று என்று தேடினால் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொத்தான்களையும் மார்புப்பட்டைத் தகடுகளையும்தான் தேட வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியின் பெயரைச் சொல்லி விற்கப்படும் தொப்பிச் சின்னத்துக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த ஒரு தேதியை நினைத்தால் போதும்.

5. வார்ப்பும் அச்சடிப்பும்

இனி மையக் கேள்விக்கு வருவோம்.

பர்மிங்காம் பட்டறைகளில் மெல்லிய பித்தளைத் தகட்டை எஃகு அச்சுக்கு நடுவே வைத்து அடித்தார்கள். அதனால் முன்புறம் மேடாக இருக்கும் இடம் பின்புறத்தில் பள்ளமாக இருக்கும். உருவத்தின் நடுவே வெற்றிடம் வேண்டிய பகுதிகளை வெட்டி எடுப்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெட்டின் ஓரம் கூர்மையாகத் தெரியும். பின்புறத்தில் இரண்டு கம்பிக் காதுகளையோ, தொப்பிப் பட்டையில் செருகும் தட்டையான நாக்கு ஒன்றையோ பற்றாசு வைத்து ஒட்டுவார்கள். நாக்கு முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. காதுகள் அதற்கு முந்தியவை, பின்னும் தொடர்ந்தவை. இங்கிலாந்தில் ஒரு சாதாரண சிப்பாயின் சின்னம் கனமாக, பின்புறம் சமதளமாக, மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளோடு இருந்தால் அதைச் சந்தேகிப்பது நியாயமே. அங்கே அரசு ஒப்புதலிட்ட மாதிரி இருந்தது, அதைப் பார்த்து லட்சக்கணக்கில் அடிக்கும் ஆலைகள் இருந்தன. வார்க்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை. ஆனால் அங்கும் விதிவிலக்கு இருந்தது: ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு அதிகாரிகளின் வெள்ளி அணிகளில் சில வார்ப்புகளே.

இந்தியாவில் நிலைமை வேறு. சிப்பாயின் உடுப்பிலும் அணியிலும் ஒரு பகுதியைப் படைப்பிரிவே தன் ஏற்பாட்டில் வாங்கிக்கொண்டது. கண்டோன்மெண்ட் கடைவீதியில் கன்னார் பட்டறை இருந்தது. மண் வார்ப்பு அறிந்த கைகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் கப்பலில் இடமே கிடைக்காத காலத்தில் புதிதாக எழுந்த பிரிவுகளும், இங்கே வந்து தங்கிய பிரிட்டிஷ் பிரிவுகளும் உள்ளூரில் செய்வித்து அணிந்தன. இங்கிலாந்திலேயே அக்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்தப் பிளாஸ்டிக் சின்னங்களைச் செய்தார்கள் என்றால், இங்கே பித்தளையை உருக்கி வார்த்ததில் வியப்பில்லை. ‘இந்தியத் தயாரிப்பு’ என்ற வகையை மேலைச் சேகரிப்பாளர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர்கள்தான் இன்னும் பர்மிங்காம் விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

விதி மறுபக்கமும் தோற்கிறது. பழைய எஃகு அச்சுகள் பல அழியாமல் பிழைத்தன. கலைக்கப்பட்டுப் போன படைப்பிரிவின் சின்னத்தை, அதே அச்சைக் கொண்டு பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர் சந்தைக்காக மீண்டும் அடித்தார்கள். அது அச்சடித்ததுதான், ஆனால் எந்தச் சிப்பாயும் அணியாதது. ஆக, வார்த்ததில் அசல் உண்டு, அடித்ததில் போலி உண்டு. செய்முறை மட்டும் தீர்ப்பு சொல்லாது.

அப்படியானால் வார்ப்புகளுக்குள் அசலையும் இன்றைய நகலையும் பிரிப்பது எப்படி? சியால்கோட் உள்ளிட்ட துணைக்கண்டத்துப் பட்டறைகளிலிருந்து நகல்கள் ஏராளமாக வருகின்றன என்பதால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. என் அனுபவத்தில் பயன்படும் சோதனைகளைச் சொல்கிறேன்.

தேய்மானம் ஒரே கதையைச் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். அணிந்த சின்னத்தில் யானையின் நெற்றி, எழுத்தின் மேல்விளிம்பு போன்ற மேட்டுப் பகுதிகள் மெருகேற்றி மெருகேற்றி மழுங்கியிருக்கும். பள்ளங்களில் கூர்மை மிஞ்சியிருக்கும். பின்பக்கக் காதின் உள்வட்டத்தில், சின்னத்தை உடுப்போடு பிணைக்கும் பிளவு ஊசி உரசிய இடம் பளபளவென்று ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். நகல் செய்பவர் தேய்ந்த அசலை மாதிரியாக வைத்து வார்க்கும்போது, முகத்தின் தேய்மானமும் சேர்ந்தே பதிந்துவிடுகிறது. காதுகளோ புதிதாக ஒட்டியவை. முகம் நாற்பது ஆண்டு உழைத்ததாகச் சொல்லும். காது நேற்றுப் பிறந்ததாகச் சொல்லும். இந்த முரண் தெரிந்தால் அந்தச் சின்னத்தைக் கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது அளவு. உருகிய பித்தளை இறுகும்போது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். அசலிலிருந்து எடுத்த வார்ப்பு, அசலைவிடச் சிறுத்தே இருக்கும். அசலில் 45 மில்லிமீட்டர் உள்ள இடம் நகலில் 44க்குச் சற்று மேலே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டை ஒரு வெர்னியர் அளவுகோல் காட்டிவிடும். ஆனால் ஒப்பிட நிச்சயமான அசல் ஒன்று வேண்டும். உள்ளூரிலேயே புதிய மாதிரி செதுக்கி வார்த்த சின்னங்களுக்கு இச்சோதனை பொருந்தாது.

இன்னொன்று இரட்டைகள். மண் வார்ப்பில் ஒவ்வொரு முறையும் அச்சுக்குழி உடைகிறது. அரத்தால் ராவிய ஓரம் ஒவ்வொன்றிலும் வேறுபடும். வெவ்வேறு இடங்களில் வாங்கிய இரண்டு சின்னங்களில் ஒரே கீறல், ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் இருந்தால், இரண்டும் ஒரே தாயிலிருந்து பிறந்த நகல்கள். அதனால்தான் சேகரிப்பாளர்கள் படங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மறைத்து வைக்கும் பழக்கம் போலிக்குத்தான் உதவுகிறது.

உலோகத்தின் சேர்மானத்தை எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் அறியலாம். முலாம் பூசிய துத்தநாக வார்ப்பை அது உடனே காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. கன்னார் பட்டறையில் அன்றும் இன்றும் பழைய குடத்தையும் குத்துவிளக்கையும் உருக்கித்தான் பித்தளை எடுக்கிறார்கள். அன்றைய வார்ப்பிலும் இன்றைய நகலிலும் ஒரே கலவை வரக்கூடும்.

6. களிம்பும் கந்தகமும்

பழமைக்குச் சான்றாகக் காட்டப்படுவது களிம்பு. அமோனியாவும் உப்பும் கொண்டு சில நாளில் பச்சைக் களிம்பை வரவழைத்துவிடலாம். உண்மையான களிம்பு காதின் அடியிலும் பற்றாசு ஓரத்திலும் திட்டுத்திட்டாகத் தங்கும். வரவழைத்தது முழுப் பரப்பிலும் ஒரே சீராகப் படரும்.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கார்த்திகைக்கு விளக்கு துலக்கும்போது தாத்தாவின் சின்னத்தையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். புளியின் அமிலம் பித்தளையின் மேற்பரப்பில் செம்பு நிறத்தை எழச் செய்யும். இளஞ்சிவப்புச் சாயலோடு, களிம்பே இல்லாமல் மின்னும் சின்னத்தைப் பார்த்து ‘புதுசு’ என்று தள்ளிவிடுவது தவறு.

சிவகாசி வட்டாரத்துக்கு மட்டுமே உரிய எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் கந்தகம் அன்றாடச் சரக்கு. கந்தகம் அருகில் இருந்தால் வெள்ளியும் செம்பும் கறுக்கும். ஓர் அதிகாரியின் வெள்ளிச் சின்னம் இங்கே கன்னங்கரேலென்று இருப்பது நூறாண்டுப் பழமையாலும் இருக்கலாம், கந்தகம் வைத்த அறையில் சில மாதம் கிடந்ததாலும் இருக்கலாம். இந்த மண்ணில் கறுப்பை வயதுக்குச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

7. ஒரு சின்னமும் விருதுநகரும்

வெடித்துச் சுடர்விடும் கைக்குண்டு. அதன் உருண்டையில் மேலே புலி, கீழே யானை. ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவின் சின்னம் அது. அயர்லாந்தில் ஏது புலி? 1881இல் அப்பிரிவு உருவானது இந்தியாவில் தோன்றிய இரண்டு ஐரோப்பியப் பிரிவுகளை இணைத்துத்தான். ஒன்று பம்பாய் ஃபியூசிலியர்ஸ். மற்றது மதராஸ் ஃபியூசிலியர்ஸ், கம்பெனி காலத்து மதராஸ் ஐரோப்பியப் படையின் வாரிசு. 1857 கிளர்ச்சியின்போது அந்த மதராஸ் பிரிவை வடக்கே நடத்திச் சென்று, கொடும் பழிவாங்கல்களால் பெயர்பெற்றவர் ஜேம்ஸ் நீல். லக்னோவில் அவர் இறந்த பிறகு அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். 1927இல் அந்தச் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடந்தபோது, அதை முன்னெடுக்க முனைந்தவர்களில் விருதுநகர்க் காமராஜரும் ஒருவர். 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

டப்ளின் பிரிவு 1922இல், அயர்லாந்து பிரிந்தபோது கலைக்கப்பட்டது. எனவே அதன் அசல் சின்னங்கள் 1881க்கும் 1922க்கும் இடைப்பட்ட நாற்பத்தோரு ஆண்டுகளுக்குள் அடங்கும். மறு அச்சடிப்புகள் மிகுந்திருப்பதும் இத்தகைய கலைக்கப்பட்ட பிரிவுகளின் சின்னங்களில்தான். விருதுநகரில் இருக்கும் ஒருவர் இதைச் சேகரிப்பில் வைக்கும்போது அந்தப் புலியும் யானையும் எந்தப் படையெடுப்புகளின் பெருமைக்காக வந்தன என்பதையும், அந்தப் பெருமையை இந்த ஊர்க்காரர் எதிர்த்து நின்றதையும் சேர்த்தே குறித்து வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பிரிட்டிஷ் ஏலப் பட்டியலின் வாசகத்தை நகலெடுத்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

8. கைமாறிய வழி

பதக்கம் பேசும், சின்னம் பேசாது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் பெயரும் பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் வெள்ளி, தொழிலாளர் படையினர் சிலருக்கு வெண்கலம். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்த பதக்கங்களைக்கூட இந்திய வீரர்களுக்குப் பெயரோடு கொடுத்தார்கள். சின்னத்தில் எந்தப் பெயரும் இல்லை. யாரிடமிருந்து, எந்த ஊரில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்திதான் அதன் பெயர். பதக்கமும் சின்னமும் ஒரே பெட்டியில் இருந்தால் அவற்றைப் பிரித்து விற்பது இரண்டின் சான்றையும் அழிப்பதாகும்.

உடன் வரும் காகிதங்களையும் சோதிக்க வேண்டும். சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், அதன்பின் ராமநாதபுரம். விருதுபட்டி விருதுநகர் ஆனது 1923இல். தனி மாவட்டம் 1985இல் வந்தபோதும் அதன் பெயர் காமராஜர் மாவட்டம். முதல் உலகப் போர்க் காலத்து ஆவணம் என்று சொல்லப்படும் தாளில் ‘விருதுநகர் மாவட்டம்’ என்று இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. படைவீரர் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயரையும் பிரிவையும் ஒப்பிடலாம். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறை அவர்கள் பராமரிப்பில் உள்ளது. வடிவங்களை ஒப்பிட, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் படைக்கலக் காட்சிப் பொருள்கள் நல்ல தொடக்கம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, வரலாற்றுச் சிறப்புள்ள பொருள் நூறாண்டைக் கடந்தால் தொல்பொருளாகிறது. 1922க்கு முந்தைய சின்னங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதியில்லை. தொல்பொருள் வாணிபத்துக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டு வாங்குபவர் தபாலில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வீட்டில் பட்டாளத்துக்காரரின் பெட்டி இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே இருக்கும் சின்னத்தைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். வார்ப்பு என்று யாரோ சொன்னதால் எடைக்குப் போடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அணிந்தவரின் பெயர், ஊர், போன நாடு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்றே எழுதி அதே பெட்டியில் வையுங்கள். வைத்துக்கொள்ள விருப்பமில்லையென்றால் விருதுநகர் அரசு அருங்காட்சியகத்தில் அந்தக் குறிப்போடு ஒப்படையுங்கள்.